ரப்பர் பால் கடையில் 4 வருஷம்: காமன் லிஸ்ப் அனுபவம்

குலசேகரத்தில் மாமா நடத்தும் ரப்பர் பால் கொள்முதல் கடைக்குக் காமன் லிஸ்ப் என்ற புரோகிராமிங் மொழியில் ஒரு கணக்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். அந்த மொழிக்கான எஸ்பிசிஎல் (SBCL) கம்பைலரில் 4 வருஷமாக ஓடுகிறது.

எடை மெஷினிலிருந்து எடையை வாங்கி, டிஆர்சி (பாலில் இருக்கும் உலர் ரப்பரின் பங்கு) சதவீதத்தால் பெருக்கி உலர் ரப்பர் அளவைக் கண்டு, பால் கொண்டுவந்தவர் கணக்கில் வரவு வைத்து, ரசீது அடிக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் நடுவில் எது இடறினாலும் முன்னால் செய்தது பாதியில் நிற்கும். "மக்கா, கேன் வரிசையா நிக்கு, பால் உறைஞ்சிரும்" என்று மாமா அவசரப்படுத்துவார். அமோனியா சேர்க்காத பால் காத்திருக்காது.

முதல் வருஷம் எல்லாவற்றையும் ஹேண்ட்லர்-கேஸ் (handler-case) என்ற பிழை பிடிக்கும் அமைப்புக்குள் போட்டது என் தப்பு. பிழை வந்தால் அது நடுவில் நின்ற பங்ஷன் அழைப்புகளை எல்லாம் விட்டு வெளியே வந்த பிறகுதான், பிழைக்கென்று நாம் எழுதிய கோட் (code) பகுதியை ஓட்டும். ஒருநாள் ரசீது பேப்பர் தீர்ந்தது; முதலிலிருந்து மறுபடி ஓட்டினோம்; ஒரே கேன் இரண்டு தடவை வரவு ஏறிவிட்டது. சாயங்காலம் நோட்டோடு ஒத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

அப்புறம் ஹேண்ட்லர்-பைண்ட் (பிழை வந்த இடத்தை விட்டு வெளியேறாமலே ஹேண்ட்லரை, அதாவது பிழையைக் கவனிக்கும் பங்ஷனை, ஓட்டுவது), ரீஸ்டார்ட்-கேஸ் (பிழைக்குப் பின் தொடர வழிகளை வைப்பது) இரண்டுக்கும் மாறினேன். காமன் லிஸ்பின் 1994 ஆன்சி (ANSI) தரத்திலேயே இருப்பவைதான். எடை வாங்கும் பங்ஷன் 'திரும்ப முயல்', 'எடையைக் கையால் போடு', 'இந்தக் கேனை விடு' என்று வழிகளை மட்டும் வைக்கிறது. எதை எடுப்பது என்று மேலே இருக்கும் ஹேண்ட்லர் முடிவு செய்கிறது. அதுவரை வேலை பிழை வந்த இடத்திலேயே நிற்கும், கையில் இருந்த மதிப்பு எதுவும் போகாது. மாமாவுக்குத் திரையில் 3 பட்டன். இந்த வசதியை வேறு மொழிகளில் தேடிப் பார்த்து ஏங்கியிருக்கிறேன். லிஸ்ப் வகையைச் சேர்ந்த க்ளோஜர் மொழியில் சம்-> (some->) மேக்ரோவால் வேலைகளின் வரிசை அழகாக அமையும், ஆனால் நடுவில் nil என்ற வெற்று மதிப்பு வந்தால் நிற்குமே தவிர ஏன் நின்றது என்று சொல்லாது.

ஒன்றை மறக்கக் கூடாது. ரீஸ்டார்ட், மாற்றிய மதிப்பைத் தானாகப் பழையபடி ஆக்காது. அன்வைண்ட்-ப்ரொடெக்டும் (பாதியில் வெளியேறினாலும் கடைசி வேலையைச் செய்ய வைக்கும் அமைப்பு) நாம் எழுதிய துப்புரவுக் கோட் பகுதியை ஓட்டித் தருமே ஒழிய, எப்படித் திருத்துவது என்பது நம் பாடு. கரண்ட் போனால் அந்தப் பகுதியும் ஓடாது. அதனால் வரவு முழுவதையும் எஸ்கியூலைட் (SQLite) டேட்டாபேஸில் ஒரே ட்ரான்ஸாக்ஷனாக, அதாவது முழுதும் பதியும் அல்லது எதுவுமே பதியாது என்று, வைத்தேன். அது கமிட் ஆன (நிலையாகப் பதிந்த) பிறகே ரசீது. ரசீதுக்கு மட்டும் தனியாக இன்னொரு 'திரும்ப முயல்'.

போன மழையில் கரண்ட் பலமுறை போய் வந்தது. மாமா ஒவ்வொரு தடவையும் கடைசி ரசீதை மட்டும் மறுபடி அடித்துக் கொடுத்தார், கணக்கைத் தொடவே இல்லை.