தொளை சுத்தம், வளையம் சுத்த மோசம்: ஒரு ஷெல்ஃப் பின் ஜிக்கின் கதை

பினாங்கின் பட்டர்வொர்த்தில் கபினெட் வேலை பழகும் தம்பி ஒருவர், "11.11 ஆன்லைன் விற்பனையில ஷெல்ஃப் பின் ஜிக் பாதி விலைக்குப் போகுது, வாங்கலாமாண்ணே?" என்று மெசேஜ் போட்டிருந்தார். அலமாரித் தட்டைத் தாங்கும் சின்ன ஆணிகளுக்குப் பக்கப்பலகையில் வரிசையாகத் தொளை போட உதவும் வழிகாட்டிச் சட்டம் அது. பிறை ஊரில் இருக்கும் என் பட்டறையில் நான் வருடக்கணக்காக மாரடிப்பதும் அதே ஜிக்கோடுதான். ஆமாம், இல்லை என்று ஒரு வரியில் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

 

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெள்ளை மெலமைன் போர்டில் ஓரம் தெறிக்காமல் தொளை போடுவதுதான் இந்த வேலையில் பெரும்பாடு. இத்தனூண்டு சில்லு பெயர்ந்தாலும் வீட்டுக்காரர் கண் நேராக அங்கேதான் போகும். இந்த ஜிக்கில் இருக்கும் எஃகு புஷ், அதாவது பிட் நுழையும் சின்னக் குழல், தொளை போடும் அந்த பிட்டைப் பலகைக்கு ஒட்டினாற்போல் பிடித்துக்கொண்டு ஆடவே விடுவதில்லை. நடுவில் ஊசி வைத்த பிராட் பாயின்ட் பிட் போட்டால் ஓரத்துக் கத்திமுனைகள் மேல்தோலை வட்டமாக அறுத்துவிடும், அதற்குப் பிறகுதான் உள்ளே இருக்கும் சிப்போர்டை, அதாவது பசை போட்டு அழுத்திய மரச்சில்லுப் பலகையைத் தோண்டும். டிரில் முழு வேகத்துக்கு வந்த பிறகு முனை பலகையைத் தொட வேண்டும், அவ்வளவுதான். சிப்போர்டில் இருக்கும் பசை பிட்டைச் சீக்கிரம் மழுக்கிவிடும், அது ஜிக்கின் குற்றமில்லை. பினாங்குக் கடல் காற்றில் என் பட்டறையில் துருப்பிடிக்காத இரும்பே கிடையாது. இந்தப் புஷ்களில் மட்டும் ஒரு புள்ளி துரு இல்லை.

ஜிக்கை நகர்த்தி வைக்கும்போது, போட்ட தொளையில் செருகிப் பிடிக்கும் ஆணி கொஞ்சம் லூஸ்தான். நாலு வரிசையையும் கீழேயிருந்தே ஆரம்பித்து, ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாகத் தள்ளி வைத்தால் பிசகு நாலிலும் ஒன்றுபோல வரும், தட்டு ஆடாது. இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்கவே முடியாதது அந்த ஆழ வளையம். தொளை ஆழம் மீறாமல் தடுக்க பிட்டில் மாட்டுகிற ஸ்டாப் காலர் என்று கூடவே ஒன்று போட்டுக் கொடுக்கிறார்களே, அது. அதை பிட்டோடு இறுக்க ஒரே ஒரு அலன் ஸ்க்ரூ. பிட்டோ கடினப்படுத்திய எஃகு, ஸ்க்ரூவின் முனை அதில் எங்கே பல் பதிக்கும்? ஒவ்வொரு தொளைக்கும் வளையம் புஷ்ஷில் போய் இடிக்கிறது, இடிக்க இடிக்க பிட்டைக் கவ்வும் டிரில் தலையை (சக்) நோக்கி மேலே ஏறுகிறது. 16 மி.மீ. போர்டில் 10 மி.மீ. தொளை போட்டால் மிச்சம் 6. பிட்டின் நடு ஊசி அதிலும் கொஞ்சம் தின்றுவிடும். வளையம் ஏறுவது கண்ணுக்குத் தெரியாது, ஊசி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும்போதுதான் தெரியும்.

தீபாவளிக்கு முன்னால் புக்கிட் மெர்தாஜமில் ஓர் அடுப்படி வேலை. ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் வெளியே தெரிகிற பலகை. வேலை தொடங்கும்போது கை வலிக்க முறுக்கிய ஸ்க்ரூ அது. அப்படியும் மேல் வரிசையில் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அந்த அக்கா குனிந்து பார்த்து, "என்ன தம்பி, எறும்புக்கும் சேர்த்து வீடு கட்டிட்டீங்களா?" என்றார். ஸ்க்ரூத் தலையை மறைக்கும் வட்ட ஸ்டிக்கர் மானத்தைக் காப்பாற்றியது. முழுசாக இல்லை.

இப்போது அந்த வளையத்தைத் தொடுவதே இல்லை. ரப்பர் மரத் துண்டு ஒன்றில் பிட்டின் அளவுக்கே நெடுக 5 மி.மீ. தொளை போட்டு, பிட்டில் சட்டைபோல மாட்டிவிடுகிறேன். மேல் முனை சக்கில் முட்டி நிற்கும், அதற்கு மேல் ஏற இடமில்லை. கீழே ஜிக்கின் கனமும் தொளையின் ஆழமும் சேர்ந்த நீளத்துக்கு மட்டும் பிட் நீட்டிக்கொண்டிருக்கும். ஜிக்கின் கனத்தைக் கூட்ட மறந்தால் தொளை பாதியில் நின்றுவிடும், கவனம். பிட்டை இறுகப் பிடிக்கிற பிளவு வளையமும் கடையில் கிடைக்கிறது. ஆனால் நான் ஏன் அதற்கு வேறு காசு போட வேண்டும்? புஷ்ஷை இவ்வளவு நேர்த்தியாகச் செய்யத் தெரிந்தவர்களுக்கு வளையத்தில் இன்னொரு ஸ்க்ரூ வைக்கவா தெரியாது? அந்தச் சில காசு மிச்சத்தில் ஒரு பலகையே போகிறது, அதுவும் என் பலகை.

தம்பி, வாங்காதே. பாதி விலை என்றாலும் வாங்காதே. வேறு நல்ல ஜிக்கே இல்லையா என்று கேட்பாய். இவ்வளவு சுத்தமாகத் தொளை போடுகிற இன்னொன்று இதுவரை என் கையில் சிக்கவில்லை, அதுதான் எரிச்சலே. ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் தருகிறேன். இரண்டும் புஷ்ஷுக்கு.