பெரிய எழுத்துத் தமிழ் வேதாகமம்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பின் சிற்றெழுத்தை வாசிக்கச் சிரமப்பட்ட என் தாயாருக்காக வாங்கிய இந்த வேதாகமம், ஓராண்டாக எங்கள் குடும்ப ஜெபத்தில் பயன்பட்டு வருகிறது. தாள் மெல்லியதாதலால் பின்பக்க எழுத்து நிழலாகத் தெரிகிறது. நெடுநேரம் மடியில் வைத்திருக்க முடியாத கனமும் ஒரு குறையே. ஆயினும் எழுத்தின் கருமையும் வரிகளின் இடைவெளியும் கண்ணுக்கு இதமானவை. திக்குவாயன் என்று தயங்கிய மோசேயைக் கர்த்தர் தள்ளிவிடாமல் அனுப்பிய யாத்திராகமம் 4-ஆம் அதிகாரத்தையும், தம்மை வருத்திய, மாம்சத்தின் முள் என்னும் வேதனை நீங்க மூன்றுதரம் வேண்டிக்கொண்ட பவுலுக்கு "என் கிருபை உனக்குப்போதும்; பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்" என்ற மறுமொழி கிடைத்த 2 கொரிந்தியர் 12-ஆம் அதிகாரத்தையும் அம்மா வரிவரியாக விரல் வைத்து உரக்க வாசிக்கிறார். நடுங்கும் அந்த விரல் "பலவீனத்திலே" என்னும் சொல்லில் சற்று நின்று நகரும்போது, நம்மை நடத்துகிறவர் நம் திடத்தை நம்பி நடத்தவில்லை என்பதை முழுமனதோடு விசுவாசிக்கிறேன். உறையைத் தனியாகத்தான் வாங்க வேண்டும்.