பெனடிக்ட் விதியா, பங்களிப்பாளர் உடன்படிக்கையா? கிளிநொச்சியில் ஒரு தெரிவு

கிளிநொச்சியில் நாங்கள் ஒன்பது பேர் சேர்ந்து கமக்காரருக்கு ஒரு செயலி எழுதுகிறோம். விதைநெல், பசளை, உழவுகூலி, நெல் விற்ற காசு எல்லாவற்றையும் கைப்பேசியிலேயே பதியலாம். மூலநிரலைத் திறந்தே வைத்திருக்கிறோம்; யாரும் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். எங்களில் சைவர், கத்தோலிக்கர், முஸ்லிம் எல்லாரும் உண்டு.

புதிதாக வந்த முல்லைத்தீவுத் தங்கச்சி ஒருத்தி அனுப்பிய நிரலுக்குக் கீழே, மூத்த ஒருவர் "இதுகூடத் தெரியாமலோ வந்தனீர்?" என்று எல்லாரும் பார்க்க எழுதிவிட்டார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கிழமை வரவும் இல்லை. அதற்குப் பிறகுதான் நடத்தை விதி ஒன்று வேண்டுமென்று இருந்து கதைத்தோம்.

முதலில் பார்த்தது எஸ்கியூலைட் (SQLite) என்ற தரவுத்தள மென்பொருளின் விதியை. எங்கள் செயலி கணக்குகளைச் சேமிப்பது அதில்தான்; உங்கள் கைப்பேசியிலும் அது இருக்கும். அதை உருவாக்கிய ரிச்சர்ட் ஹிப்பும் கூட்டாளிகளும் ஆறாம் நூற்றாண்டுத் துறவி புனித பெனடிக்டின் மடத்து ஒழுங்கிலிருந்து நான்காம் அதிகாரத்தை எடுத்துத் தங்கள் நடத்தை விதியாக வைத்தார்கள். மொத்தம் 72 கட்டளைகள். ஆண்டவரை முழு இதயத்தோடும் நேசி என்பது முதலாவது. வஞ்சம் வைத்திராதே, பிணங்கியவரோடு பொழுது சாய முன்னம் சமாதானமாகு என்றெல்லாம் தொடரும். 2018இல் கண்டனம் எழுந்ததும் பெயரை 'அறநெறி' என்று மாற்றினார்கள்.

கண்டித்தவர்கள் பலர் ஒன்றைக் கவனிக்கவில்லை. இந்த விதியை யாரும் ஏற்கத் தேவையில்லை, நல்லதென்று நினைக்கவும் தேவையில்லை என்று அந்த ஆவணமே சொல்கிறது. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் பஸ் நிற்பது மாதிரி: விரும்பியவர் இறங்கித் தேங்காய் உடைப்பார், மற்றவர் கச்சான் வாங்கிக்கொண்டு ஏறுவார். எனக்கு அது பிடித்திருந்தது. பார்க்க ஆளில்லாத நேரத்திலும் நான் எப்படி இருப்பேன் என்று ஒருவர் கொடுக்கும் வாக்கு அது.

ஆனால் அதே பட்டியலில் 'முறுமுறுக்காதே' என்றும் இருக்கிறது. அந்தத் தங்கச்சி அதை வாசித்தால் என்ன விளங்கிக்கொள்வாள்? வாயை மூடிக்கொண்டு இருந்தே பழகிய சனம் நாங்கள். யாரிடம் போய் முறையிடுவது என்ற கேள்விக்கு அங்கே பதில் இல்லை. எஸ்கியூலைட் வெளியார் நிரலைப் பொதுவாகச் சேர்ப்பதில்லை; சில பேர் மட்டும் வாழும் மடத்துக்கு அந்த ஒழுங்கு பொருந்தும். எங்கள் கதவு திறந்திருக்கிறது.

மற்றது பங்களிப்பாளர் உடன்படிக்கை (Contributor Covenant): திறந்த மூலநிரல் திட்டங்கள் எடுத்துப் பாவிக்கவென்று எழுதிய நடத்தை விதி. கோரலைன் அடா எம்கே 2014இல் எழுதியது. 2018 செப்டெம்பரில் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான லினக்ஸ் கெர்னல் திட்டம் இதை ஏற்றது. அதே நேரத்தில்தான் அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தன் கடுமையான மின்னஞ்சல்களுக்கு மன்னிப்புக் கேட்டு, கொஞ்சக் காலம் ஒதுங்கினார். வயது, பால், இனம் என்று நீளும் பட்டியலில் மதமும் இருக்கிறது: யாரையும் அதை வைத்து நோகடிக்கக் கூடாது. நாங்கள் எடுத்த 2.1 பதிப்பில் திருத்தம், எச்சரிக்கை, தற்காலிகத் தடை, நிரந்தரத் தடை என்று நான்கு படிகள். முறைப்பாட்டை யாரிடம் கொடுப்பது என்பதையும் எழுதச் சொல்கிறது.

குறை, அது அலுவலகச் சுற்றறிக்கை மாதிரி இருப்பது. 'harassment' என்ற ஒரு சொல்லைத் தமிழாக்கவே ஒரு பின்னேரம் போனது. 'தொந்தரவு' போதவில்லை. 'துன்புறுத்தல்' என்று எழுதியதும் அறையே அமைதியாகிவிட்டது. இங்கே அந்தச் சொல்லுக்கு வேறு நினைவுகள் உண்டு. கடைசியில் 'ஆளை நோகடித்தல்' என்று வைத்தோம்.

உடன்படிக்கையைத்தான் எடுத்தோம். எல்லா மதத்தவரையும் காக்க வேண்டிய விதி ஒரு மதத்தின் குரலில் பேசக்கூடாது என்பதே என் நிலைப்பாடு. முறைப்பாடு கேட்க இருவர். அதில் ஒருவர் கட்டாயம் பெண். பெனடிக்டிடமிருந்து பொழுது சாய முன்னம் சமாதானமாகும் வரியை மட்டும் வாங்கிச் சேர்த்தோம். மூத்தவர் தான் எழுதியதை எடுத்துவிட்டு, அதே இடத்தில் மன்னிப்புக் கேட்டு எழுதினார்.

இரண்டிலும் இல்லாத ஒன்றையும் எழுத வேண்டியிருந்தது. கூட்டம் எப்போது? வெள்ளி மத்தியானம் ஜும்மா, ஞாயிறு காலை பூசை, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு அரைவாசிப் பேர் வரமாட்டார்கள். சனி பின்னேரம் 4 மணி, அந்தப் பொங்கல் கிழமை கூட்டமில்லை என்று பதிந்தோம்.