பாரம்பரிய அரைக்கீரை விதை வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

வாட்ஸ்அப் குழுக்களில் நாட்டு விதை விற்பவர்கள் பெருகிவிட்டார்கள். அப்படி ஒருவரிடம் ‘நூறாண்டுப் பழமையான அரைக்கீரை’ விதை வாங்கினேன். ஒரு ஸ்பூன்கூடத் தேறாத பாக்கெட், கூரியரோடு 180 ரூபாய். எங்கள் ஊர் உரக்கடையில் 20 ரூபாய்க்கு இதைவிட நிறையவே கிடைக்கும்.

முளைக்கீரை, சிறுகீரை எல்லாம் வேரோடு பிடுங்கினால் தீர்ந்தது. அரைக்கீரையை அடியில் இரண்டு விரல் விட்டு அறுத்தால் பக்கக்கிளை வெடித்து, மாதக்கணக்கில் தழைத்துக்கொண்டே இருக்கும். அந்த ஆசைக்குத்தான் இவ்வளவு காசு.

மணலில் கலந்து தூவினேன், எறும்பு இழுக்காமலிருக்க ஓரத்தில் மஞ்சள்தூள் போட்டேன், பூவாளியால்தான் தண்ணீர் தெளித்தேன். அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்தது. அதிலும் பாதி தண்டுக்கீரை. மீதியில் சில, சோளக்காட்டில் களையாக வரும் பண்ணைக்கீரை. வெள்ளையும் ரோஸுமாகக் கதிர் விட்டதும் சந்தேகமே இல்லை. இரண்டும் தின்னும் கீரைதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், பச்சைமிளகாய், துளி புளி சேர்த்து, மூடாமல் வேகவைத்துக் கடைந்தால் அரைக்கீரை அப்படியே மசிய வேண்டும். இது நார் நாராக மத்தில் சுற்றிக்கொண்டது.

படம் எடுத்து விற்றவருக்கு அனுப்பினேன். “தண்ணி ஜாஸ்தி விட்டிருப்பீங்க மேடம்” என்றார். தண்ணீர் ஜாஸ்தியானால் அரைக்கீரை பண்ணைக்கீரையாகிவிடுமா என்று கேட்டேன். பிளாக் செய்துவிட்டார்.

பாக்கெட்டில் மிச்சமிருந்த விதையை ஈரத்துணியில் மடித்து வைத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் அசையவே இல்லை. புதுப் பாக்கெட் எதுவானாலும், தொட்டியில் தூவுவதற்கு முன்னால் ஒரு சிட்டிகையை இப்படிச் சோதித்துவிடுங்கள். உயிருள்ள கீரை விதை நாலைந்து நாளில் வெள்ளை வேர் காட்டிவிடும். ஆனால் என்ன ரகம் என்பதை இந்தச் சோதனை சொல்லாது. இந்த விதைகள் எல்லாமே கறுத்து மினுங்கும் பொடி, நம் கண்ணுக்குப் பிடிபடுவது கஷ்டம். ஏமாற்றுபவர்களுக்கு அது போதும்.

முறையாக விற்கும் விதையில் அட்டை இருக்கும்: சான்று பெற்றதற்கு நீலம், விற்பவரே தரத்துக்குப் பொறுப்பேற்று விற்கும் ‘உண்மைநிலை விதை’க்குப் பச்சை. குவியல் எண் (லாட் நம்பர்), பரிசோதித்த தேதி, முளைப்புத்திறன், தூய்மை எல்லாம் அதில் அச்சாகியிருக்க வேண்டும். எனக்கு வந்த பாக்கெட்டில் ஏர் உழும் விவசாயி படம் மட்டும் அழகாக இருந்தது. விதையை வீட்டில் எடுத்தவர் என்றால், தாய்ச்செடியின் படம் கேளுங்கள், பக்கத்தில் வேறு கீரை பூத்ததா என்றும் கேளுங்கள். மகரந்தம் காற்றில் போய்க் கலக்கும். உண்மையாக விதை காப்பவர் இதற்குச் சலிக்காமல் பதில் சொல்வார்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். உங்கள் வட்டார விதை ஆய்வாளரிடமும் சொல்லலாம். பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்; பணம் அனுப்பிய ரசீதையும் உரையாடலின் ஸ்கிரீன்ஷாட்டையும் பிளாக் ஆவதற்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.