ட்யூமர் மார்க்கர் டெஸ்ட்: வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் எங்கள் ஏரியா லேப் எப்படி?

அப்பாவுக்கு இரைப்பைப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆனதிலிருந்து டாக்டர் எழுதிக் கொடுக்கும்போதெல்லாம் சிஇஏ, சிஏ 19-9, சிஏ 72-4 என்ற மூன்று ட்யூமர் மார்க்கர்களையும் (புற்றுநோய் இருந்தால் ரத்தத்தில் கூடக்கூடிய பொருட்கள்) எங்கள் ஏரியா லேபில்தான் பார்க்கிறோம். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சொன்ன நேரத்துக்கு வருகிறார்கள், கீமோவுக்கு அப்புறம் அப்பாவுக்கு நரம்பே கிடைப்பதில்லை, ஆனாலும் வருகிற பெண் பொறுமையாகத் தேடி ஒரே குத்தில் எடுத்துவிடுகிறார். ரிப்போர்ட் வாட்ஸப்பில் வந்துவிடும்.

சிக்கல் அந்த ரிப்போர்ட்டில்தான். ஒரு எண், பக்கத்தில் நார்மல் அளவு, தாண்டினால் தடித்த எழுத்து, அவ்வளவே. அதை மட்டும் பார்த்துவிட்டு ராத்திரி முழுக்க தூங்காமல் கிடக்கிறவர்கள் எத்தனை பேர்! சிஏ 19-9 நார்மல் 37 வரை என்று போட்டிருக்கும், ஆனால் பித்தக்குழாய் அடைத்தாலும், கணையம் வீங்கினாலும் அது ஏறும், சிகரெட் பிடிப்பவர்களுக்கு சிஇஏ கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். இன்னொரு பக்கம், பிறவியிலேயே லூயிஸ் ஆன்டிஜென் (ரத்த வகையோடு சேர்ந்த ஒரு பொருள்) இல்லாதவர்களுக்கு நோய் பரவினாலும் சிஏ 19-9 பெரும்பாலும் ஏறாது. வயிற்றுக்குழியின் உள்ளுறையில் நோய் பொடிப்பொடியாகப் பரவுவதை சிடி ஸ்கேனே சில சமயம் தவறவிடும், லேப்ராஸ்கோபி, அதாவது வயிற்றில் சின்னத் துளை போட்டு கேமரா வைத்துப் பார்த்தால்தான் தெரியும், அங்கே இந்த மூன்றும் நார்மல் என்பதை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது.

அப்புறம் எதற்கு எடுப்பது என்றால், ஏறுகிறதா இறங்குகிறதா என்று தொடர்ந்து பார்க்க. ஆபரேஷனுக்கு முன் கூடுதலாக இருந்து பின் இறங்கிய எண் அடுத்தடுத்த டெஸ்டில் மெல்ல ஏறினால், ஸ்கேனில் தெரிவதற்கு முன்பே சில பேருக்கு அது எச்சரிக்கை. அதனால்தான் ஒரே லேப், ஒரே மெஷின் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். இந்த லேபில் நடுவில் மெஷினை மாற்றிவிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை, அடியில் பொடி எழுத்தில் டெஸ்ட் முறையின் பெயர் மட்டும் மாறியிருந்தது, எண் எகிறியதும் வீட்டில் எல்லோரும் கலங்கிப்போனோம், டாக்டர்தான் அதைக் கண்டுபிடித்தார். இதை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை. பயோட்டின் (ஒரு வைட்டமின்) மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றும் கேட்பதில்லை, சில மெஷின்களில் அது ரிசல்ட்டையே மாற்றிவிடும்.

இதே டெஸ்டுகளை நல்லா இருக்கிறவர்களுக்கு 'கேன்சர் செக்கப் பேக்கேஜ்' என்று விற்கிறார்கள், தயவுசெய்து வாங்காதீர்கள். ஆரம்ப நிலை வயிற்றுப் புற்றுநோயில் பெரும்பாலும் இவை நார்மலாகவே இருக்கும். பசியில்லை, எடை குறைகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்றால் டாக்டரைப் பார்த்து எண்டோஸ்கோபி கேளுங்கள்.

ரத்தம் எடுக்கும் சேவைக்கு 5-க்கு 4. ரிப்போர்ட்டுக்கு 2.