அக்கிலீஸா, ஒடிசியஸா: ஹோமரை யாரிடமிருந்து தொடங்கலாம்?

பண்டைய கிரேக்கக் கவி ஹோமரின் இலியட் (நாயகன் அக்கிலீஸ்), ஒடிசி (நாயகன் ஒடிசியஸ்) என்ற இரண்டு காவியங்களுக்கும் தலா 24 காண்டங்கள். முதலாவது ட்ராய் நகரின் மீது கிரேக்கர்கள் தொடுத்த போர், இரண்டாவது அந்தப் போரிலிருந்து ஊர் திரும்பும் பயணம். எதை முதலில் எடுப்பது என்று தயங்குபவர்கள் நாயகனைப் பார்த்து முடிவு செய்யலாம்.

பலம்
அக்கிலீஸ்: நேருக்கு நேர் போரில் அவனுக்கு இணையில்லை, மனத்தில் உள்ளதை மறைக்கவும் மாட்டான்.
ஒடிசியஸ்: பேச்சு, பொறுமை, மாறுவேடம். சொந்த வீட்டிலேயே பிச்சைக்காரனாக அடி வாங்கிக்கொண்டு காத்திருப்பான்.

குறை
அக்கிலீஸ்: கோபம். தனக்குப் பரிசாகக் கிடைத்த சிறைப்பெண் பிரிசெயிஸைக் கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னான் பறித்ததும் போரிலிருந்து விலகுகிறான். 9ஆம் காண்டத்தில் பரிசுகளோடு தூது வந்தும் இறங்கி வரவில்லை. அதன் விலை 16ஆம் காண்டத்தில் உயிர்த்தோழன் பாட்ரோக்ளஸின் சாவு. பாட்ரோக்ளஸைக் கொன்ற ட்ராய் இளவரசன் ஹெக்டரைக் கொன்ற பிறகும் உடலைத் தேரில் கட்டி இழுக்கிறான்.
ஒடிசியஸ்: பெருமை. 'யாருமில்லை' என்று பெயர் சொல்லி ஒற்றைக்கண் அரக்கன் பாலிஃபீமஸிடமிருந்து தப்பியவன், கப்பலேறியதும் உண்மைப் பெயரைக் கத்துகிறான். பாலிஃபீமஸ் தன் தந்தையான கடல் தெய்வம் பொசைடனிடம் சாபம் வேண்ட அதுவே போதுமானதாகிவிடுகிறது. 12 கப்பல்களோடு கிளம்பியவன் தனியாளாகவே ஊர் சேர்கிறான்.

மாற்றம்
அக்கிலீஸ் மாறுகிறான். 24ஆம் காண்டத்தில் ஹெக்டரின் தந்தையான ட்ராய் அரசர், முதியவர் பிரையமோடு சேர்ந்து அழுது, ஹெக்டரின் உடலைத் திருப்பித் தருகிறான். ஹோமரில் இதைவிட உயர்ந்த இடம் இல்லை என்பேன். ஒடிசியஸ் அடக்கம் கற்கிறான், ஆனால் தன் மனைவியை மணக்க வீட்டில் குவிந்தவர்களை 22ஆம் காண்டத்தில் பழிவாங்கும்போது இரக்கம் குறைவு.

கதையோட்டமும் கடற்பயணமும் வேண்டுவோர் ஒடிசியிலிருந்து தொடங்குங்கள். துயரத்தின் ஆழம் தேடுவோருக்கு இலியட். அக்கிலீஸைக் கொல்லும் குதிகால் அம்பையும், கிரேக்கர்கள் ஒளிந்து ட்ராய்க்குள் நுழையும் மரக்குதிரையையும் எதிர்பார்த்து இலியடைத் திறக்காதீர்கள்; அது ஹெக்டரின் ஈமச்சடங்கோடு முடிந்துவிடும். மரக்குதிரைக் கதை ஒடிசியின் 8ஆம் காண்டத்தில் வருகிறது.