ஓய்வில் கிடக்கும் கணினிகளில் எச்டிகொண்டர்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

மாரி காலத்தில் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் எந்தெந்த வயல்வெளிகளில் (வட்டைகளில்) வெள்ளம் நிற்கிறது என்று செய்மதிப் படங்களிலிருந்து வரைபடம் எடுப்பது எங்கள் வேலை. மேகம் மூடியிருந்தாலும் நிலத்தைப் பார்க்கும் சென்டினல்-1 ரேடார் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் ஒரு படம் ஏறத்தாழ ஒரு ஜிகாபைட். அதைப் பதப்படுத்தும் ஸ்னாப் மென்பொருளுக்கு எவ்வளவு மெமரி கொடுத்தாலும் போதாது. பெரிய சேர்வர் வாங்க வசதியில்லை. பகலில் மாணவர்கள் பழகும் கணினிகளோ இரவில் சும்மா கிடக்கின்றன. அவற்றில்தான் எச்டிகொண்டரை ஓட்டி வருகிறோம். விஸ்கொன்சின்-மடிசன் பல்கலைக்கழகத்தில் எண்பதுகளின் இறுதியில் கொண்டர் என்று தொடங்கி, 2012 இல் இந்தப் பெயருக்கு மாறிய இலவச மென்பொருள் இது. காத்திருக்கும் வேலைகளைப் பல கணினிகளுக்குப் பிரித்து அனுப்புவதுதான் இதன் வேலை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது இது வேலையைச் சமமாகப் பங்கிட முயலாததுதான். கிழவருக்கும் இளந்தாரிக்கும் ஒரே அளவு வயலை வெட்டக் கொடுத்தால், கிழவர் முடிக்கும்வரை எல்லாரும் வரம்பில் காத்திருக்க வேண்டும். எச்டிகொண்டரில் ஒவ்வொரு கணினியும் தன்னிடம் எத்தனை கோர், எவ்வளவு மெமரி, விசைப்பலகையில் ஆள் இருக்கிறாரா என்று அறிவித்துக்கொண்டே இருக்கும். வேலையும் தன் தேவையைச் சொல்லும். நடுவிலிருக்கும் கணினி இரண்டையும் பொருத்திவிடும். 8 ஜிபி கேட்கும் வேலை 4 ஜிபி கணினிக்குப் போகாது. மேசைக்கணினிகளுக்கென்று தரப்பட்டுள்ள அமைப்பில், கால் மணிநேரம் யாரும் தொடாத கணினியில்தான் வேலை தொடங்கும். ஆள் வந்து உட்கார்ந்தால் ஒதுங்கிவிடும். மாணவர்களிடமிருந்து இதுவரை ஒரு முறைப்பாடும் வரவில்லை.

ஒரு குறை மட்டும் தொடர்ந்து உறுத்துகிறது. பழைய கணினியில் தொடங்கிய வேலை, பிறகு வேகமான கணினி ஓய்ந்தாலும் அங்கே இடம் மாறாது. விடியற்காலையில் எல்லாம் முடிந்திருக்க, ஒரேயொரு படம் ஏதோ மூலையில் ஊர்ந்துகொண்டிருக்கும். வேகமான கணினியை முதலில் தேர்ந்தெடுக்கும்படி, வேலையை விவரிக்கும் கோப்பின் ரேங்க் (விருப்ப வரிசை) வரியில் எழுதலாம், அது கொஞ்சம் உதவும். உண்மையான மருந்து வேலையை வெட்டும் அளவில்தான் இருக்கிறது. முழுப் படத்தையும் ஒரே வேலையாகக் கொடுக்காமல் துண்டுகளாக அனுப்பினால், வேகமான கணினி கூடுதல் துண்டுகளைத் தானாகவே எடுத்துக்கொள்ளும். அதற்காக மிகவும் பொடியாக வெட்டவும் கூடாது, கோப்பு அனுப்புவதிலும் ஸ்னாப் எழும்புவதிலுமே நேரம் போய்விடும். எங்களுக்கு அரை மணிநேரத்துக்குள் முடியும் துண்டுகள் சரியாக வருகின்றன.

இந்த ஊரில் சின்னத் துண்டுக்கு இன்னொரு நியாயமும் உண்டு. 2022 இன் மின்வெட்டுக் காலத்தில், கரண்ட் போனால் அந்த நேரம் ஓடிய துண்டுகள் மட்டுமே வீணாகின. காத்திருக்கும் வேலைகளின் வரிசை டிஸ்கில் எழுதப்பட்டிருப்பதால், கரண்ட் வந்ததும் மிச்சம் தானாகத் தொடங்கியது. யூபிஎஸ் ஒன்றுதான் இருக்கிறதென்றால் வரிசையை வைத்திருக்கும் கணினிக்கே கொடுங்கள்.

பலர் ஒரே கணினி லாபைப் (ஆய்வுகூடத்தை) பாவித்தாலும் சண்டையில்லை. அண்மையில் அதிகம் ஓட்டியவர் பின்னுக்குத் தள்ளப்படுவார், அந்தக் கணக்கு ஒரு நாளில் பாதியாகக் கரையும். முதல்முறை அமைப்பது மட்டும் சிரமம். கணினிகள் எல்லாம் ஒரே மாதிரி, இந்த வேலைக்கென்றே ஒதுக்கியவை என்றால், இதே போல வேலைகளைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்லர்ம் என்ற மென்பொருள் போதும். வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களிலோ வேறெங்கோ பழையதும் புதியதும் கலந்த லாப் ஒன்று உங்கள் பொறுப்பில் இருந்தால், நான் எச்டிகொண்டரைத்தான் சொல்வேன்.